இருபத்தொன்றாவது சலவை

ஜூலை 8, செவ்வாய்
பேய்க்காற்று. கொடியில் துணி நிற்கவில்லை, கிளிப் இரண்டைக் காணோம். இருபதாவது சலவை முடிந்தது! துத்தநாக ஆக்சைடு நானோத் துகள் ஏற்றிய பருத்தி, ஆறு துண்டு. இதற்குப் பிறகும் கிருமியைக் கொன்றால் தலையணை உறைக்கு எடுத்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்குள் போக வேண்டும். சலவைப் பதிவுத் தாளில் 'துவைத்தவர்' கட்டத்தில் இருபது முறை 'அ.ஜெ.' என்று என் கையெழுத்தைப் போட்டாயிற்று.
வாங்க: சோப்புத்தூள், கிளிப், தலைவலி மாத்திரை.

ஜூலை 9, புதன்
அழுதேன். அப்பா இங்கே ராயப்பன்பட்டி மாதா கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பதும் பீடத்துணி வெளுப்பதும் அவர் வேலை. நேற்று சாயங்காலம் நான் கடைக்குப் போன நேரம், ஆறு துண்டையும் நீலம் முக்கி, கஞ்சி போட்டு, தேய்த்து மடித்துவிட்டார். அப்பளம் மாதிரி விறைப்பு.
"ஏம்ப்பா தொட்டீக?"
"காலேசுக்குப் போற துணி ஆத்தா. சுருங்கிக் கெடந்தா மேடம் என்ன நெனப்பாக?"
கஞ்சி கிருமிக்குச் சாப்பாடு. துகளையும் மூடிவிடும். வேறு துண்டும் இல்லை. கத்திவிட்டேன். காபி குடிக்காமலே கோயிலுக்குப் போய்விட்டார்.
என் கைடு மேடம் திட்டுவார் என்று பயந்து போனால், சிரிக்கிறார். "ஆஸ்பத்திரியில துவைக்கிறவுக உன்னையக் கேட்டா கஞ்சி போடுவாக? அப்படியே தட்டுல வையி."
கிருமி பரப்பிய தட்டில் வைத்தாயிற்று. கிருமி செத்தால் துணியைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். நாளைதான் தெரியும்.

ஜூலை 10, வியாழன்
சாரல். பஸ்ஸில் கடைசி வரை நின்றே பயணம்.
வளையம்! ஆறிலும்! முன்பைவிடக் கொஞ்சம் ஒல்லி, ஆனால் வளையம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சாதாரணத் துணியைச் சுற்றி ஒன்றுமில்லை.
என் துணி. நான் செய்தது. கஞ்சிக்கும் மசியவில்லை. பெருமையாக இருக்கிறது. எழுதிக்கொள்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.
மேடம்: "கஞ்சியையும் ஒரு சலவையாச் சேத்துரு. துவச்சவுக கையெழுத்து வேணும்."

ஜூலை 11, வெள்ளி
காற்று குறைவு. பஸ்ஸுக்கு முன் அப்பாவிடம் தாளை நீட்டினேன்.
"கிருமி செத்துச்சா?"
"செத்துச்சுப்பா. கத்துனதுக்கு மன்னிச்சிருங்க."
கண்ணாடி தேடல். கையை வேட்டியில் துடைத்தல். அருளப்பன், கோயில்பிள்ளை, ராயப்பன்பட்டி. எல்லாம் எழுதினார், கட்டம் போதவில்லை. பிறகு விரலை மேலே ஓட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
"ஏன் ஆத்தா, இருபதுலயும் முன்னால நிக்கிற 'அ' நாந்தான?"