தெரேசாவின் நீலக் கோச்சி

2024 செப்டம்பர் 10, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே மழை. நானுஓயா ஸ்டேஷன் முன்னால் ஆட்டோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு ஹயரும் இல்லை. பசியோடு வீட்டுக்கு வந்தால் சோறும் இல்லை. தெரேசா தரையில் உட்கார்ந்து பொம்மைக் கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். காலில் ஒன்று குத்தி, "அடியேய், வீடா இது!" என்று கத்திவிட்டேன்.

போன வருஷம் பங்களா நோனாவுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். அந்த நோனா அம்மாவின் பிள்ளைகள் ஆஸ்திரேலியா போய்விட்டார்களாம், அவர்கள் விளையாடிய கட்டைகளைச் சாக்கோடு தூக்கிக் கொடுத்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளையில்லை என்று தெரிந்தும்! அது கட்டிலுக்கடியில் கிடந்தது. இப்போது கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றானதும் வெளியே இழுத்திருக்கிறாள்.

"தைக்கத்தான் முடியல. இத மாட்டுறதுக்கு வெரல் போதும். கோச்சி செய்யப் போறேங்க. ஆளு ஏறிப்போற கோச்சி, அந்த நீல நிறத்துலயே."

கோச்சியும் மண்ணும். பசிக்கிற நேரத்தில் பொம்மை ரயிலாம். நான் கடைக்குப் போய்ச் சோற்றுக்குப் பதில் பாண் வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்றைக்கு ஸ்டேஷனில் மானம் போய்விட்டது. பதுளைக் கோச்சி வந்து நின்றதும் தெரேசா தையலுக்கு அளவெடுக்கிற இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஜன்னலுக்கு ஜன்னல் அளக்கிறாள். கார்டு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். "சட்டை தைக்க அளவெடுக்குறா மாத்தையா" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். பிளாட்பாரமே சிரித்தது.

அவள் கேட்டால்தானே! பெட்டிக்குள் ஏறி சீட்டு, மேலே சாமான் வைக்கிற தட்டு, கக்கூஸ் கதவின் கொக்கி வரை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தாள். முகத்தைக் கொண்டுபோய் ஒட்டிவைத்துப் பார்க்கிறாள். வண்டி அசைந்தபிறகு நான்தான் இழுத்து இறக்கினேன். விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று ஏசினேன்.

"விழுந்தா பிடிக்கத்தானே நீங்க இருக்கீங்க" என்கிறாள். இவளை என்ன செய்வது?

அக்டோபர் 3, வியாழன்

கண் கிளினிக். டாக்டர் அம்மா நல்ல மனுஷி, பொறுமையாகத்தான் சொன்னார். சிங்களத்தில். தெரேசாவுக்குத் தெரிந்தது மரக்கறி வாங்குகிற சிங்களம், அதனால் எப்போதும் நான்தான் கேட்டுச் சொல்வேன்.

இடது கண் போய்விட்டது. கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம் வலது கண்ணின் நரம்பையும் முக்கால்வாசி தின்றுவிட்டது. மருந்து விட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒரு சில மாதம். பார்க்க வேண்டியதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

தெரேசா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னவாம்?"

"இடது கண்ணு அப்படித்தானாம். வலது கண்ணு, மருந்து ஒழுங்கா விட்டா நிக்குமாம்."

எப்படி வந்தது அது என் வாயில்? நான் யோசித்துச் சொல்லவில்லை. மாதாவே, நான் யோசிக்கவே இல்லை. வரும்போது ஆட்டோவில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். "அப்ப அவசரமில்ல. உள்ளுக்கு சீட்டெல்லாம் போட்டு நிதானமாச் செய்யலாம்."

அக்டோபர் 4

சொல்லவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

முதல் பெட்டி முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அசந்துபோனேன். கூரையைத் தூக்கினால் உள்ளே இரண்டு பக்கமும் சீட்டு. கதவு திறந்து மூடுகிறது. நாலு தடவை பிரித்து நாலு தடவை கட்டினாள். ஒரு சட்டைக் கை சரியாக விழாவிட்டால் எப்படிப் பிரிப்பாளோ அப்படி.

வவுனியாவிலிருந்து அவளுடைய அக்கா போன் எடுத்தார். முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம், வந்துவிட்டுப் போ என்று ஒரே அழுகை. "கோச்சி முடியட்டும்க்கா. கண்ணு எங்க ஓடியா போவுது?" என்று சிரித்தாள் இவள்.

பக்கத்தில்தானே நின்றேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா?

நவம்பர் 16, சனி

நீலக் கட்டை தீர்ந்துவிட்டது. சாக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது நான் என்பதால் அவளுக்குத் தெரியாது. இரண்டாவது பெட்டி பாதியில் நிற்கிறது. நுவரெலியா டவுனில் ஏறாத கடையில்லை. தனி நிறமாக விற்க மாட்டார்களாம், முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம், விலையைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

வந்ததும் கையை நீட்டினாள். "நீலம் ஒண்ணு எடுங்க, நீட்டுக் கட்டை." சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினேன். பச்சைதான் இருந்தது. இல்லை என்று சொல்லத்தான் பச்சையை எடுத்துக் கையில் வைத்தேன். அவள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நீலம்தானே?"

அவளுக்குத் தெரியவில்லை. இலைப் பச்சை அது! மத்தியான வெளிச்சத்தில் தெரியவில்லை!

"ஆமா" என்றேன்.

வெளியே வந்து ஆட்டோவைக் கழுவினேன். கழுவின ஆட்டோவையே திரும்பவும் கழுவினேன்.

டிசம்பர் 2, திங்கள்

இன்றும் பச்சை. சந்தோஷமாகத்தானே இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். கிறிஸ்மஸ் முடியட்டும், சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 21, சனி

எல்லாம் போச்சு.

நேற்று பொழுது சாய்கிற நேரம் கோயில் ஆட்கள் கரோல் பாடிக்கொண்டு வந்தார்கள். தெரேசா கோச்சியைப் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் மின்மினி லைட் போட்டிருந்தாள். எல்லாரும் பாட்டை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு நிஷாந்தி, நர்சரி டீச்சர், மனசில் ஒன்றும் இல்லாமல் கேட்டுவிட்டது: "அக்கா, முதல் பெட்டி நீலம், அடுத்ததுல பாதி பச்சை. இது புது டிசைனா?"

தெரேசா எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். வைன் ஊற்றும்போது கிளாஸ் நிறைந்து வழிந்தது, நிஷாந்திதான் கையைப் பிடித்து நிறுத்தியது. அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"கட்டை கெடக்கட்டும். அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சொன்னேனே, மருந்து..."

"தமிழ்ல வேணாம். அவங்க சொன்னத சிங்களத்துலயே சொல்லுங்க. எனக்கு வெளங்குற வரைக்கும் வெளங்கட்டும்."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது, அதுதான் கேவலம். சிங்களத்தில் சொல்லும்போது பொய் சொல்ல வரவில்லை எனக்கு. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பாக்க வேண்டியதப் பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள். "எங்கக்கா மொகத்தப் பாத்துட்டு வந்திருப்பேன். நீங்க நிக்கும்னு சொன்னீங்க, நான் இங்க உக்காந்து பொம்மைக் கோச்சிக்கு சீட்டு போட்டுக்கிட்டு இருந்தேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிசம்பர் 25

நிஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்குப் போனாள். நான் பின்னால் நடந்தேன்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

வவுனியா. பஸ்ஸில் முழுப் பகல், என்னோடு ஒரு பேச்சில்லை.

அக்கா வாசலுக்கு ஓடிவந்து கட்டிக்கொண்டார். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாக்கா" என்றாள் தெரேசா. வாசலில் நின்றார். "இன்னும் கொஞ்சம்." முற்றத்தில், நல்ல வெயிலில், அந்த மனுஷி முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார், போட்டோ பிடிக்க நிற்கிற மாதிரி. தெரேசா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். கிட்டே போனாள். தள்ளிப் போனாள்.

"தோடு மினுங்குதுக்கா" என்றாள். "மொகம் வரல."

அக்காதான் அழுதார். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். மூணு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா பாத்திருப்பாளே. என்னாலதான். வேற யாரு? நான்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

கிளினிக். கதவுகிட்டே வந்ததும், "நீங்க இப்படி இருங்க" என்றாள். நிஷாந்தி லீவு போட்டுவிட்டு வந்திருந்தது, அதுக்கும் சிங்களம் தெரியும், அதைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு வருஷம் கட்டின புருஷன், பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து, நான் கேட்கும் முன்னே அவளே சொன்னாள். "வலதும் முடிஞ்சிருச்சாம். இனி வெளிச்சம் இருட்டு மட்டுந்தான். வலிக்காம இருக்கத்தான் மருந்து." செய்தி வாசிக்கிற மாதிரிச் சொன்னாள்.

ஆட்டோவை எடுத்தேன், கண்ணாடி முழுக்க மங்கல். மழையில்லை. பின்னாலிருந்து, "அழுதா அழுங்க. ஆனா ரோட்டப் பாத்து ஓட்டுங்க, புள்ள இருக்கு வண்டியில" என்றாள். நிஷாந்திக்காகச் சொல்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்கு அவளாகவே கேட்டாள், அலமாரி மேலிருக்கிற கோச்சியை இறக்கித் தரச் சொல்லி. இரண்டாவது பெட்டிக்கு இன்னும் கூரை போடவில்லை. பாதியில் நிற்பது பிடிக்கவில்லையாம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

கையை நீட்டினாள். ஒரு கட்டை வைத்தேன்.

"என்ன நிறம்?"

"பச்சை. நீலம் ஒண்ணுகூட இல்ல தெரேசா. நவம்பர் மாசமே தீந்துருச்சு."

"ம்" என்றாள். கட்டையை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "நிஷாந்தி, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போம்மா" என்று கூப்பிட்டாள்.

கையில் மாவோடு வந்தது அந்தப் பிள்ளை. தெரேசா கட்டையை அதன் பக்கம் நீட்டினாள். "இது என்ன நிறம்?"

நிஷாந்தி என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பச்சைதான்க்கா. அண்ணன் சரியாத்தான் சொல்றாரு."

அப்புறம்தான் மாட்டினாள்.