பெருநாளுக்குத் தைத்த உள்சட்டை

1936 நவம்பர் 24, நோன்பு 9

அரிசி, தேங்காய்க் கணக்கு எழுதியாயிற்று. பெருநாளைக்கு மகள் கைறுன்னிஸாவுக்கு ஒரு உள்சட்டை தைக்கப் போகிறேன். மெல்லிய மல்துணி, கழுத்தைச் சுற்றி ஊசியால் பூப்பூவாகப் பின்னிய ரேந்தை. பின்வளவு நபீஸா, எனக்குத் தங்கச்சி முறை, சிரித்தாள். "ஆருக்கும் தெரியாத உடுப்புக்கு ரேந்தையா ராத்தா? மருமகனுக்குக் காட்டவா?"

மேலே உடுப்பது ஊருக்கு, இது அவளுக்கு என்றேன்.

நவம்பர் 26

அளவெடுக்க மகள் வீட்டுக்குப் போனேன். பழைய அளவு காணும் என்று சட்டையைக் கழற்ற மறுத்தாள். உடம்போடு ஒட்டும் உடுப்புக்குப் பழைய அளவு சரிவராது. நானே கழற்றினேன்.

வலது விலா கறுத்து வீங்கியிருந்தது. அதன் மேல் ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் வாரின் பூட்டுத் தடம், சதுரமாக. முதுகில் சுருட்டால் சுட்ட புண். யா அல்லாஹ் — நான் பெத்த உடம்பு.

விழுந்துவிட்டாளாம். எங்கே விழுந்தால் வார்ப்பூட்டு பதியும்? வேலிக்கு இந்தப் பக்கம்தான் நான் இருக்கிறேன், ஒரு சத்தமும் கேட்கவில்லையே? துணியை வாயில் வைத்துக் கடிப்பாளாம்.

நவம்பர் 27

தஸ்பீஹ் மணி உருட்டும்போது மருமகன் கழுத்து என் விரல்களுக்குள் இருப்பதுபோல் நினைத்துவிட்டேன். தௌபா. இப்படி நினைத்தவளின் நோன்பு கூடுமா?

டிசம்பர் 3

தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வரும்படி தைக்கிறேன். உள்ளே ஒரு முடிச்சும் இல்லை. பாவாடை நாடா காயத்தில் உரசாதபடி விலாப்பக்கம் பஞ்சு வைத்து இரட்டைத் துணி. ஊசி ஏறும்போதெல்லாம் நபி மேல் ஸலவாத்து ஓதுகிறேன்.

மருமகன் ஆதம்பாவா வேலியால் எட்டிப் பார்த்து, "நோம்பு எப்பிடி மாமி?" என்று மரியாதையாகக் கேட்டார். கையில் கத்தரிக்கோல் இருந்தது. நல்லம் என்றேன்.

டிசம்பர் 16, பெருநாள்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் அவள் அதை உடுத்தியிருக்கிறாள். தொழுதுவிட்டு வந்தவன் கண்ணில் மாறிக் கிடந்த தையல் பட்டது. தடவிப் பார்த்தான், விலாவில் தடிப்பு. "என்னடி இது? என்னை மயக்க மந்திரத் தகடு வைச்சுத் தைச்சிரிக்காளா உன்ட உம்மா?" இவள் பயத்தில், உம்மா ஓதித் தைச்சவ என்று சொல்லிவிட்டாள். அது போதும் அவனுக்கு. பெருநாள் இறைச்சி வெட்டிய கத்தியை எடுத்து, உடம்பில் இருக்கும்போதே சட்டையை அறுத்தான்.

இம்முறை சத்தம் கேட்டது. உலக்கையோடு ஓடினேன். அவள் தலைமயிரை முழங்காலால் அழுத்திக்கொண்டு பஞ்சைக் கிண்டிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறியும் சத்தம் — எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒன்று தோளில் போட்டேன். காலையில் பெருநாள் தக்பீர் சொன்ன வாயால் என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன்.

வாசல் கடப்படியில் நின்று, சூனியக்காரியின் மகளைத் தலாக் சொல்கிறேன் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். போனான். வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது, போக வேண்டியவன் அவன்தானே.

டிசம்பர் 17

நாலு விரல் நீள வெட்டு. பஞ்சு தடுத்திராவிட்டால் ஈரல் வரை போயிருக்கும் என்றார் மருந்து கட்டிய பரியாரி.

டிசம்பர் 28

பள்ளிவாசல் பெரியவர் கச்சி முகம்மது மரைக்கார் வந்தார். நான் திரைச்சீலைக்கு உள்ளே நின்றேன். "ஒரு தலாக்தானே. இத்தா இருக்கிற மூணு மாசம் முடிய முன்னம் பொண்டாட்டியத் திருப்பி எடுக்கலாம். தகட்டுக்குப் பயந்துதான் ஆதம்பாவா வராம நிக்கிறான். அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு குர்ஆன்ல சத்தியம் பண்ணுங்க, நாளைக்கே வந்திருவான்."

கைறுன்னிஸா பின்னால் நின்று என் சேலையைப் பிடித்தாள். "வந்தா என்னை முடிச்சிருவார் உம்மா."

தகடு இல்லை என்று சத்தியம் பண்ணினால் அது உண்மைதான். பிறந்த நாள்முதல் உண்மை சொல்ல நான் தயங்கியதில்லை. "அப்ப தகடு இரிக்கா?" என்றார் மரைக்கார். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓம் ரப்பே, நீதான் பார்த்துக்கொண்டிருந்தாய். என் பேசாமையை வரவா, செலவா — எதில் எழுதுவாய்?

1937 பெப்ரவரி 22, ஹஜ்ஜுப் பெருநாள்

நபீஸாவின் மகளுக்கு நான் தைத்துக் கொடுத்த உள்சட்டை எங்கள் வேலியில் தொங்குகிறது. கையால் தொடாமல் தடியால் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

மார்ச் 9

கிணற்றடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. மவ்லூது ஓதலுக்கும் என்னை அழைக்கவில்லை.

ஏப்ரல் 2, வெள்ளி

இத்தா முடிந்து இரண்டு கிழமைக்கு மேலாயிற்று. அவன் வரவில்லை. எங்கள் கடப்படி வந்தால் தெருவின் மற்றக் கரையால் போகிறானாம்.

மத்தியானம் மகளின் குசினியில் ஏதோ விழுந்து நொறுங்கியது. ஓடினேன். மீன்கறிச் சட்டி கைதவறி உடைந்திருந்தது. காலெல்லாம் ஆணமாக, உடைந்த ஓடுகளுக்கு நடுவே நின்று கைறுன்னிஸா சிரித்துக்கொண்டிருந்தாள்.