செவப்புக்கோட்டு அக்காவுக்கு

ராத்தா,

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நேற்று என்னைச் சேர்த்திருக்கிறார்கள். காலையில் நர்ஸ் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் வாடை மூக்கில் பட்டதுமே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்கக்கா, ஊசி இல்ல. வாட்ச் கட்டுற மாதிரிதேன்."

"இதுல என்னென்ன தெரியும்?"

"நாடித்துடிப்பு தெரியும், ஆக்சிஜன் தெரியும்."

"யார் யாருக்குத் தெரியும்?"

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கும் டாக்டருக்குந்தேன். வேற யாரு பாக்கப் போறா?"

கையை நீட்டினேன். பட்டை இறுகியதும் உங்கள் முகம் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ராஜபாளையம் மில்லில் நாம் இருவரும் அடுத்தடுத்த மெஷினில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்த காலம். எல்லாரும் உங்களை அக்கா என்பார்கள். நான் மட்டும் உங்கள் வீட்டு வழக்கப்படி ராத்தா என்பேன். புதிதாக வந்த ஆபீசர் ஒரு தட்டு நிறைய இதேபோன்ற பட்டைகளைக் கொண்டுவந்து வைத்து, "உங்க ஒடம்பு நல்லதுக்குத்தான்" என்றார். எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சேத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும் நம் மில் பிள்ளைகள் கையைத் தூக்கிக் காட்டி, "இன்னைக்கு நீ எம்புட்டு நடந்த?" என்று போட்டி போட்டார்கள். நீங்கள்தான் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "எனக்கு முடியலன்னா நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டனா? இதுகிட்ட எதுக்குக் கேக்காக?"

எனக்கு அந்த மாதங்களில் உதிரப்போக்கு நிற்கவே இல்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கழிவறைக்குப் போய்த் துணி மாற்றி, தலைசுற்றல் அடங்கும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கும் நான் சொல்லித் தெரியவில்லை. ஒருநாள் என் சேலையின் பின்புறத்தைப் பார்த்தீர்கள். சேலைக்கு மேல் போட்டிருந்த மில் சட்டையைக் கழற்றி என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டீர்கள். "ஆஸ்பத்திரிக்குப் போடி" என்றீர்கள். மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு நான் எழுந்து போகும்போதெல்லாம் என் மெஷினையும் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள்.

பட்டை அதையெல்லாம் பார்க்கவில்லை. நான் எங்கே எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதை மட்டும் பார்த்தது.

கேன்டீனில் கூட்டம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? சுவரில் பெரிய டிவி. எல்லார் நம்பருக்கும் பக்கத்தில் பச்சைக்கோடு. ஒரு நம்பருக்கு மட்டும் நீளமாகச் சிவப்பு. ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். "பேரச் சொல்ல மாட்டேன். பாத்ரூம்லயே குடியிருக்கிற இந்த நம்பர் யாருன்னு அவங்களே எந்திரிச்சுச் சொல்லட்டும்" என்றார் ஆபீசர். என் மணிக்கட்டைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். எழுந்தால் ஏன் என்று கேட்பார். இத்தனை பேருக்கு நடுவில் என்ன சொல்வேன்?

நீங்கள் எழுந்தீர்கள்.

"நாந்தேன் சார்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதுல வேற பேரு போட்டிருக்கே?"

"காலையில தட்டுல எல்லாம் கலந்து கெடந்துச்சு. நாங்க மாத்திக் கட்டிட்டோம்."

"சரி, அம்புட்டு நேரம் உள்ள என்ன வேலை?"

"வயித்தால போச்சு சார். அது அந்த டிவில தெரியலையா?"

கேன்டீன் சிரிப்பில் அதிர்ந்தது. ஆபீசர் மேசையைத் தட்டிப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, "எனக்கும் மாறிப்போச்சுதேன் சார்" என்றாள். இன்னொருத்தி, "நான் கட்டியிருக்கது யாருதுன்னே தெரியல" என்றாள். யாருடைய கோடு யாருடையது என்று அதற்குமேல் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பட்டைகளெல்லாம் பெட்டிக்குள் போயின.

ஆனால் உங்களைச் சும்மா விடவில்லை. கழிவுப் பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு மாற்றினார்கள். பெயரும் ஒட்டிக்கொண்டது. செவப்புக்கோட்டு அக்கா. மில் வாசலில், பஸ்ஸில், கறிக்கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். "ஆமா, எங்கூடு செவப்புக்கோட்டுக்கு அந்தப் பக்கந்தேன்" என்று நீங்களும் வேடிக்கையாகப் பதில் சொல்வீர்கள். ஒருமுறை என் எதிரிலேயே யாரோ அப்படிக் கூப்பிட, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் கூசிப்போவேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு உங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டேன். நோன்புக் கஞ்சியை நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். தூக்குவாளியைக் கழுவி யாரிடமாவது திருப்பி அனுப்புவேன். திடீரென்று நெஞ்சுவலி வந்து நீங்கள் போனபோது, கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நாற்பதாம் நாள் உங்கள் வீட்டில் மில் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தோம். பேச்சு அந்தக் கேன்டீன் கதைக்கு வந்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள். உங்கள் மகள்தான் அதிகம் சிரித்தாள். "அன்னைக்கு எங்கம்மா என்னத்தத் தின்னுச்சோ!" என்றாள்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொடுக்க அவள் பின்னாலேயே வந்தாள். சொல்லிவிட்டேன் ராத்தா. அந்தக் கோடு என்னுடையது என்றும், ஏன் என்றும், எல்லாவற்றையும்.

அவள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு, எப்போதும்போலச் சித்தி முறை சொல்லி, "இன்னும் போகுதா சாச்சி?" என்றாள். ஆமென்று தலையை ஆட்டினேன். "நாளைக்குக் காலையில நான் வாரேன். கெளம்பி இருங்க" என்றாள். அவள்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். இப்போதும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "நானே அம்மாவ அந்தப் பேரு சொல்லிக் கேலி பண்ணிருக்கேன் சாச்சி. எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல" என்றாள்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் இவ்வளவு காலம் வாசலை மிதிக்காமல் இருந்தேன். பெற்ற மகளிடம்கூட நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நாளை கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள். அதோடு தொந்தரவு தீர்ந்துவிடும் என்கிறார் டாக்டர். மகள் கேலி செய்தபோது நீங்களும் என் பேரைச் சொல்லாமல் அவளோடு சேர்ந்து சிரித்திருப்பீர்கள். நான் பார்க்காத அந்தச் சிரிப்பு என்னோடுதான் இருக்கும், ராத்தா.