குளக்கரைப் பலகை

1994, ஆடி 20

குளத்தில் பாசி மூடித் தண்ணீர் நாறியபோது, "மாட்டுக்கு ஆகாது" என்று கரைப்பலகையில் சுண்ணாம்பால் எழுதியவன் நான். ஊருக்காக எழுதிய முதல் எழுத்து.

நொய்யல் ஆற்று வெள்ளம் குளத்துக்குள் வந்து பாசியை அடித்துப்போய்விட்டது. தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனாலும் இன்று, இரவுப் பள்ளியில் என்னோடு படிக்கும் பொன்னான், பலகையைப் படித்துவிட்டு எருமையைத் திருப்பினான். எனக்கு ஒரே பூரிப்பு.

வீட்டுக்காரி விடவில்லை. "ஏனுங்க, வாயில்லாச் சீவன் தாகத்துல போகுதுங்க. உங்க எழுத்து அழகைக் குடிக்குமாக்கும்? அழிச்சுப்போட்டு வாங்க!"

பொன்னானையும் எருமையோடு கூப்பிட்டுக்கொண்டு கரைக்குப் போய், மனமில்லாமல் அழித்தேன். "குடிக்கலாம்" என்று புதிதாக எழுத ஆரம்பித்தேன்.

"மாமா, வெரசா எழுதுங்க! எருமை என்னையும் இழுத்துட்டுப் போயிரும்!" என்று பொன்னான் கத்தினான்.

கடைசிப் புள்ளியை வைத்தேன். அப்புறம்தான் கயிற்றை விட்டான்.