குரங்கணிக் கட்டத்தை மாற்றியது நான்தான்

என் செல்ல அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் வரி ஒன்றைக்கூடச் சேர்க்க மாட்டேன். படித்துவிட்டு நீ திட்டிக்கொள்.

நீ காய்ச்சலில் போய் ஒன்பது மாதம் ஆகிறது. பெரிய பல்கலைக்கழகங்கள் கோடிகளைக் கொட்டி வாங்கும் சூப்பர் கம்ப்யூட்டரை, யாரோ ஒதுக்கிப் போட்ட மேசைக் கணினிகளை இணைத்தே செய்துவிடலாம் என்று நீயும் உன் தோழி பர்வீனும் தொடங்கினீர்களே, அது நிற்கவில்லை. போடியில் கடை கடையாக ஏறி நீங்கள் கேட்டு வாங்கிய பதினான்கும் பர்வீன் வீட்டுக் கணினியும் கல்லூரி ஆய்வகத்தில் வரிசையாக இருக்கின்றன. ஸ்டுடியோ, மெடிக்கல், ஏலக்காய்க் கடை என்று கொடுத்தவர் பெயரை எழுதி நீ ஒட்டிய காகிதங்களும் அப்படியே இருக்கின்றன. பதினாறாவதாக நம் வீட்டுக் கணினியைத்தான் நீ நினைத்திருந்தாயாம். அதையும் பர்வீன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கொடுக்க மாட்டேன் என்றேன். "அக்கா ஆரம்பிச்ச சோலி பாதியில கெடக்கணுமாக்கும்?" என்றாள் அம்மா. அவளே அதைத் துடைத்து, திருநீறு பூசி, அப்பா கொண்டுவந்த ஏலக்காய்ச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆய்வகத்துக்குத்தான்.

அக்கா, எனக்குப் பர்வீன் மேல் பொறாமை. உன் நாற்காலியில் உட்காருகிறாள். கேபிள் முனையை அழுத்தும்போது உன்னைப் போலவே உதட்டைக் கடிக்கிறாள். உன்னிடமிருந்து அவள் பழகினாளா, அவளிடமிருந்து நீயா? "அவ சிரிச்சா மானிட்டரே ஆடும்" என்று எல்லாரிடமும் சொல்கிறாள். வீட்டில் நீ அப்படிச் சிரித்ததே இல்லையே? அங்கே வரும் மற்ற பிள்ளைகள் அவளைப் பர்வீன் அக்கா என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறேன்.

உன் நிரல் என்ன செய்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். நம் மலைச்சரிவையும் அடிவாரத்தையும் பதினாறு கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு கணினி என்று மழையைக் கணக்குப் போட வைத்திருக்கிறாய். ஒவ்வொரு படியிலும் பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தில் என்ன ஆனது என்று கேட்டுக்கொண்ட பிறகே அடுத்த படி. எந்தக் கட்டம் எந்தக் கணினிக்கு என்பதற்குப் பதினாறு வரியில் ஒரு பட்டியல். அதில் மலைமேல் இருக்கும் குரங்கணிக் கட்டம் பர்வீன் வீட்டிலிருந்து வந்த கணினிக்கு. நம்முடையதற்கு ராசிங்காபுரத்துக்கும் கீழே, வரைபடத்தின் மூலை. குரங்கணிக்கு ஜீப்பில் போய் ஆற்றில் செருப்பைத் தொலைத்தது நாம் இருவர்தானே? அவளா வந்தாள்?

நேற்று அவள் டீ குடிக்கப் போனபோது, பட்டியலில் அந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன். யார் போட்டால் என்ன, கணக்கு ஒன்றுதானே என்று நினைத்தேன்.

இன்று கல்லூரி முதல்வர் வைத்த கெடு. ஐந்து மணிக்குள் போன வாரம் பெய்த மழையின் வரைபடம் வர வேண்டும். வராவிட்டால் கணினிகள் பழைய சாமான் கடைக்கு, அறை விடைத்தாள் கட்டுகளுக்கு. நான் நாலு மணிக்குப் போனபோது பர்வீன் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடக் கணக்கை இரண்டு மணிக்கே ஓடவிட்டிருக்கிறாள். இன்னும் பாதியைத் தாண்டவில்லை. திரையில் பதினைந்து கணினிகள் காத்திருந்தன. நம்முடையது மட்டும் விசிறி இரைய ஓடிக்கொண்டிருந்தது.

"என்னன்னே தெரியல கயலு. நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவள் தோற்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, அக்கா. ஒரு நிமிடம் இருக்கும். தோற்கப் போவது நீயும்தான் என்று பிறகுதான் உறைத்தது.

"இந்தாங்க, பட்டியல நாந்தான் மாத்துனேன்."

அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "அடிப் பாவி! குரங்கணி பூராம் மேடும் பள்ளமும், அங்க எம்புட்டுக் கணக்கு இருக்கு தெரியுமா? ஒங்க வீட்டுது கெழட்டு மிஷினு. அதான் ஒங்கக்கா சமதரையாப் பாத்து மூலையக் குடுத்தா. அங்கன்னா மத்ததுக்கு ஈடு குடுத்து வந்துரும்னு சொன்னா." பேசிக்கொண்டே பட்டியலைத் திருத்தி, கணக்கை முதலிலிருந்து ஓடவிட்டாள். மணி நாலேகால்.

"அத ஒங்ககிட்டச் சொல்லிருக்கா. எங்கிட்டச் சொல்லல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஆமா, எங்கிட்டதான் சொன்னா. இப்ப என்னாங்கற? எனக்கு அவ அஞ்சு மணி வரைக்குந்தான். மணி அடிச்சா, 'கயலு காத்துக்கிட்டு இருப்பா'ன்னு பையத் தூக்கிட்டு ஓடிருவா. ஒரு நாளு எங்கூட டீ குடிக்க நின்னுருப்பாளா? ஒன்னயப் பாக்குறதுக்கு முந்தியே எனக்கு ஒன்னயப் புடிக்காது, தெரியும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் நகர்ந்து உட்கார்ந்து, உன் நாற்காலியில் எனக்குப் பாதி இடம் விட்டாள்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வரைபடம் வந்தது. மலையெல்லாம் கருநீலம். அடிவாரம் வெளிறிய மஞ்சள். வந்து நின்ற முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நம் கணினி போட்ட மூலையைக் கிட்டத்தில் பார்த்தார். "இது எங்க ஊரு பொட்டிபுரந்தான? மழை எட்டிக்கூடப் பாக்கலன்னு சரியாப் போட்டுருக்கே!" என்றார். "சரி, ரூமு இருக்கட்டும். விடைத்தாளுக்கு வேற எடம் பாப்போம்."

பாராட்டையெல்லாம் பர்வீன்தான் வாங்கிக்கொண்டாள். எனக்கு இன்னும் எரிகிறது.

ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. இனி பட்டியலில் கை வைக்க மாட்டேன். ஐந்து மணி வரைக்குமான உன்னை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அதற்குப் பிறகான உன்னை அவளுக்குச் சொல்வேன். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன். எது என்று உனக்குத் தெரியும்.

"எழுதுனது போதும், வெரசா வா புள்ள" என்று ஆய்வக வாசலில் நின்று கூப்பிடுகிறாள். வாட்ச்மேன் விளக்கை அணைத்துவிட்டார்.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
கயல்விழி