அண்ணன் மறைத்த இரத்தப் பரிசோதனை

உன் பூப்பந்துப் பையைத் திறந்ததும் பழைய வியர்வையும் தைலமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது, அண்ணே. நீ செத்து ஒன்றரை வருடம் ஆகியும் அது போகவில்லை. உயிரோடிருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் அழைத்தேன். இனி 'நீ' போதும்.

பையைக் கொண்டுவந்தவள் உன் மகள் ஷாலினி. பக்கத்து ஜிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"அத்தை, அப்பாவோட பிளட் டெஸ்ட். இதுலே போட்டிருக்கிறது உங்களுக்கு இருக்கிறதுதானே?"

அதேதான். எச்.எல்.ஏ. பி27. என் முதுகெலும்பைப் பூட்டிப் போட்ட வாத நோயோடு சேர்த்துச் சொல்லும் மரபணு. உன் பெயருக்குக் கீழே 'பாசிட்டிவ்' என்றிருந்தது.

டத்தோ கிராமாட் பகுதியில் நம் வீட்டில் என் இருபத்திரண்டு வயதுக் காலைகள் நினைவிருக்கிறதா? படுக்கையைவிட்டு எழ ஒரு மணி நேரம் ஆகும். நடக்க நடக்கத்தான் உடம்பு இளகும். அதையே நீ எனக்கு எதிரான சாட்சியாக்கினாய். "பாத்தீங்களாம்மா, ஃபேக்டரி பஸ் போனதும் சரியாயிடுச்சு. நடிப்புலா!" வாரம் தவறாமல் கொடிமலை ஏறுகிற மகன் சொன்னால் அம்மாவுக்கு வேதம். உருவிவிடுகிறவர்களிடமும் வலி மாத்திரையிலும் ஒன்பது வருடம் போயிற்று. கடைசியில் நானே தனியாக வாத நோய் நிபுணரைப் பார்க்கப் போனபோது கழுத்து திரும்புவது நின்றுவிட்டிருந்தது. குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரலாம், சொல்லி வையுங்கள் என்றார். சொன்னேன்.

"உன் சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்லே பேரு வச்சுட்டானுங்க" என்று சிரித்தாய்.

மீதியை ஷாலினி சொன்னாள். பதினேழு வயதில் அவளுக்குக் கண் சிவந்து, வெளிச்சமே பார்க்க முடியாமல் போனபோது, குடும்பத்தில் யாருக்காவது முதுகு விறைப்பு உண்டா என்று கண் டாக்டர் உன்னைக் கேட்டாராம். இந்த வாதம் கண்ணையும் தாக்கும்.

"யாருக்கும் இல்லே டாக்டர்" என்றாயாம்.

சொட்டு மருந்தோடு அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் நீ யாருக்கும் தெரியாமல் போய் இரத்தம் கொடுத்திருக்கிறாய். தாளில் தேதி இருக்கிறது. அவள் கல்யாணம் தடைப்படும் என்று பயந்தாயா, உன் பெருமை சரியும் என்றா? எதுவானாலும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டாய். இப்போது அவளுக்கு இருபது. காலையில் குனிந்து காலுக்குச் சப்பாத்து மாட்ட முடியவில்லை.

போன மாதம் அவளை என் நிபுணரிடம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மரபணு இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை என்றார். கேட்டாயா? உன் நிமிர்ந்த முதுகு உன் சாதனை இல்லை. வெறும் அதிர்ஷ்டம். அதைக் காட்டித்தான் என்னை வருடக்கணக்காக மட்டம் தட்டினாய்.

அவளுக்கு முதுகெலும்புகள் இன்னும் என்னைப்போல் ஒன்றோடொன்று ஒட்டிப் பூட்டிக்கொள்ளவில்லை. மருந்து தொடங்கியாயிற்று. திரும்பும்போது காரில் அழுதாள். "அப்பா மேலே கோபப்படாதீங்க அத்தை."

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ மருந்தை விடாதே."

செத்தவரை மன்னித்துவிட வேண்டுமாம். என்னால் முடியாது, முயலவும் மாட்டேன். சனிக்கிழமைகளில் நானும் அவளும் நீந்தப் போகிறோம். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால், "வர்றியா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் போகிறேன். "வர்றேன் அத்தை" என்கிறாள். அந்தக் குரலில் உன் சாயல் உண்டு. அதை மட்டும் பொறுத்துக்கொள்கிறேன்.