எதிரெதிரே நில்லுங்கள்

பருத்திப்பட்டு

அண்ணா,

இதை விடிந்ததும் பக்கத்து வீட்டு நஜீர் பாய் கொண்டுவந்து தருவார். அம்பத்தூரில் நீங்கள் ஸ்ட்ரைக் செய்யும் கம்பெனி வாசலில், நாளை உங்கள் மாப்பிள்ளைக்குப் பந்தோபஸ்து வேலை. ஊர்க்காவல் படை என்றால் தேர்த் திருவிழாவில் கயிறு பிடிப்பதுதான் என்று நினைத்திருந்தேன்.

"கல்லு வந்தா போலீசுக்கு ஹெல்மெட்டு கீது, எங்களுக்கு வெறும் தொப்பிதான்" என்று அதைப் பாப்பாவுக்கு மாட்டிச் சிரிக்கிறார். லீவு கேளுங்கள் என்றேன்.

"இன்னான்னு கேக்குறது? மச்சான் ஸ்ட்ரைக்குல கீறாருன்னா?"

வராதீர்கள் என்றால் நீங்களும் கேட்கப் போவதில்லை. இவருக்கு நேர் எதிரிலாவது நில்லுங்கள். உங்கள் மேல் இவர் லத்தி ஓங்க மாட்டார். இவர் மேல் கல் விழ நீங்கள் விடமாட்டீர்கள்.

வாசலில் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று இவரிடம் கேட்டேன். அங்கே போனால்தான் தெரியுமாம்.

கூட்டத்தில் இவரைத் தேடிப் பாருங்கள் அண்ணா.

உங்கள் தங்கை